பில்லோ நூலகத்தை மூலநிரலிலிருந்து கட்டுவதும், வெளிவரும் படம் சரிதானா என்று சோதிப்பதும்

கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து எழுதிக்கொள்கிறேன். பைதானில் படங்களைக் கையாள உதவும் பில்லோ நூலகத்தை, பைதான் பொதிகளை நிறுவும் கருவியான பிப் தரும் ஆயத்தப் பொதியாக நிறுவாமல், மூலநிரலிலிருந்தே கட்டி, அதில் ஒரு சிறு மாற்றம் செய்து திட்டத்துக்கு அனுப்பிவைக்க ஒரு கல்லூரி மாணவர் விரும்புகிறார். கட்டி முடித்துச் சோதனைகளை ஓட்டினால், நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாத நிலையிலேயே சில சோதனைகள் தாண்டப்படுகின்றன (அதாவது ஓட்டாமலே விடப்படுகின்றன), சில தோற்கின்றன. கணக்குப் போடும் நிரலுக்கு விடை இதுதான் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியும். ஒரு படம் சரியாக வந்திருக்கிறது என்பதை நிரல் எப்படித் தீர்மானிக்கும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. இவ்விரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன். நாம் கட்டிய நூலகத்துக்குள் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று தெரியாதவரை, சோதனை எதைப் பற்றிப் பேசுகிறது என்பதே தெரியாது. அது தெரிந்த பிறகு, ஒவ்வொரு செயலுக்கும் ‘அதே படம்’ என்று எதைச் சொல்வோம் என்பதைத் தனித்தனியாக முடிவு செய்யவேண்டும்.

பில்லோ தோன்றியதற்கே கட்டுமானச் சிக்கல்தான் காரணம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஃப்ரெட்ரிக் லுண்ட் 1990களின் நடுவில் பைதான் இமேஜிங் லைப்ரரியைத் தொடங்கினார். அதன் கடைசிப் பதிப்பான 1.1.7 வெளிவந்தது 2009ஆம் ஆண்டில். படங்களைக் கையாள்வதில் அது நன்றாகவே இருந்தது. ஆனால் அன்று பரவிக்கொண்டிருந்த பைதான் பொதி நிறுவும் கருவிகளோடு அது ஒத்துப்போகவில்லை. அலெக்ஸ் கிளார்க் 2010இல் அதிலிருந்து பில்லோவைக் கிளைபிரித்தபோது முதல் நோக்கம் அதை எல்லோரும் எளிதாக நிறுவும்படி செய்வதுதான். இன்று ஆண்டுக்கு நான்கு முறை, ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு ஒன்றாக, புதிய பதிப்புகள் வருகின்றன.

மூலநிரலைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி மூலம் இறக்கிப் பார்த்தால் அதில் இரண்டு அடுக்குகள் தெரியும். மேலே பைதான் அடுக்கு இருக்கிறது. கோப்பு வடிவங்களை அடையாளம் காண்பது, நாம் அழைக்கும் செயற்கூறுகள் முதலியவை அதில் உள்ளன. கீழே சி மொழியில் எழுதப்பட்ட அடுக்கு. அளவு மாற்றுதல், நிறமாற்றம், வடிகட்டிகள் போல ஒவ்வொரு பிக்சலையும் தொட்டுச் செய்யவேண்டிய வேலைகள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. இவற்றுக்கும் கீழே, பில்லோவுக்குச் சொந்தமில்லாத நூலகங்கள் பல உள்ளன. ஜேபெக் கோப்புகளுக்கு லிப்ஜேபெக், பிஎன்ஜியின் சுருக்கத்துக்கு இசட்லிப், எழுத்துருக்களுக்கு ஃப்ரீடைப், நிற மேலாண்மைக்கு லிட்டில் சிஎம்எஸ், வெப்பி வடிவத்துக்கு லிப்வெப்பி, டிஃப் கோப்புகளுக்கு லிப்டிஃப் என்று பட்டியல் நீளும். பில்லோவைக் கட்டுவது என்றால் பெரும்பாலும் இந்த மூன்றாம் அடுக்கைச் சரியாகச் சேர்ப்பதுதான்.

பில்லோ 3.0 முதல் இவற்றில் லிப்ஜேபெக், இசட்லிப் ஆகிய இரண்டும் கட்டாயம், மற்றவை விருப்பம். உபுண்டு, டெபியன் கணினிகளில் அந்த நூலகங்கள் பெரும்பாலும் முன்பே இருக்கும். ஆனால் கட்டுவதற்கு அது போதாது. அவற்றின் செயற்கூறுகளைச் சி நிரலுக்கு அறிவிக்கும் தலைப்புக் கோப்புகளைக் கொண்ட மேம்பாட்டுப் பொதிகளும் தனியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். புதிதாக முயல்பவர்களில் பலர் முதலில் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். ஜேபெக்குக்கான தலைப்புக் கோப்போ நூலகக் கோப்போ கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் பைதானில் கோளாறு தேட வேண்டியதில்லை. மேம்பாட்டுப் பொதியை நிறுவிவிட்டு மீண்டும் கட்டினால் போதும்.

விருப்ப நூலகங்கள் இல்லாதபோது எந்தப் பிழையும் வருவதில்லை என்பதுதான் கூடுதல் கவனம் தேவைப்படும் இடம். வெப்பி கிடைக்கவில்லை என்றால் பில்லோ வெப்பி இல்லாமலேயே கட்டப்பட்டு, வெற்றி என்று முடிந்துவிடும். கட்டுமானத்தின் கடைசியில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு சுருக்கப் பட்டியல் அச்சாகும். பிப் வழக்கமாக அதை மறைத்துவிடுவதால், விரிவான வெளியீட்டைக் காட்டச் சொல்லி ஓட்டவேண்டும். எந்த வசதி உங்கள் வேலைக்கு இன்றியமையாததோ அதைக் கட்டாயம் என்று கட்டுமான அமைப்பிலேயே குறித்துவிடுவது இன்னும் பாதுகாப்பானது. அப்படிக் குறித்தால், அந்த நூலகம் கிடைக்காதபோது கட்டுமானமே நின்றுவிடும்; இல்லாத வசதி இருப்பதாக நம்பிக்கொண்டு சோதனைக்குப் போகும் நிலை வராது.

அடுத்து, பைதான் உண்மையில் எந்தப் பிரதியை ஏற்றுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஒரே கணினியில் இயங்குதளத்தின் பில்லோ, பிப் கொண்டுவந்த ஆயத்தப் பொதி, நீங்கள் கட்டியது என மூன்று பிரதிகள் இருப்பது சாதாரணம். எனவே, பிற பொதிகளோடு கலக்காமல் பைதானைத் தனித்து வைக்கும் மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் மட்டும் கட்டுங்கள். பில்லோவின் பொதியையே ஒரு நிரலாக இயக்கினால், அது தன் பதிப்பு, தான் ஏற்றப்பட்ட அடைவு, தனக்குள் இணைந்திருக்கும் ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பு ஆகியவற்றை அறிக்கையாக அச்சிடும். சோதனையைத் தொடங்குமுன் இந்த அறிக்கையைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திருத்தக்கூடிய முறையில் நிறுவியிருந்தால் பைதான் கோப்புகளில் செய்யும் மாற்றம் உடனே நடப்புக்கு வரும். சி கோப்பில் செய்யும் மாற்றம் மறுபடி கட்டினால்தான் வரும். சி நிரலைத் திருத்திவிட்டுக் கட்டாமலே சோதனையை ஓட்டி, மாற்றம் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்காகத் தேடுவது இந்த அடுக்கமைப்பில் எளிதாக நேரக்கூடியது.

ஆயத்தப் பொதிக்கும் நீங்கள் கட்டியதற்கும் இடையே உள்ள வேறுபாடு சோதனை முடிவுகளோடு நின்றுவிடுவதில்லை. 2023 செப்டம்பரில் லிப்வெப்பியில் ஒரு கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. சிவிஇ-2023-4863 என்று அதற்கு எண். தீங்கான ஒரு வெப்பி கோப்பைத் திறந்தாலே ஒதுக்கப்பட்ட நினைவகத்துக்கு வெளியே எழுதிவிடக்கூடிய வழு அது. பில்லோவின் சொந்த நிரலில் தவறு எதுவும் இல்லாதபோதும், ஆயத்தப் பொதிக்குள் லிப்வெப்பி அடங்கியிருந்த காரணத்தால், திருத்தப்பட்ட லிப்வெப்பி 1.3.2ஐ உள்ளடக்கி பில்லோ 10.0.1ஐ அவசரமாக வெளியிட வேண்டியிருந்தது. இயங்குதளத்தின் லிப்வெப்பியோடு இணைத்துத் தாமே கட்டிக்கொண்டவர்களுக்கு இயங்குதளத்தின் புதுப்பிப்பே போதுமானதாக இருந்தது. உங்கள் பிரதி இவற்றில் எந்த வகை என்பதை அந்த அறிக்கையிலிருந்து அறிந்து வைத்திருங்கள்.

இப்போது தாண்டப்படும் சோதனைகளுக்கு வருவோம். பில்லோவின் சோதனைகள் பைடெஸ்ட் கருவியால் ஓடுகின்றன. ஒரு வசதி கட்டப்படவில்லை என்றால் அதைச் சார்ந்த சோதனைகள் தோற்பதில்லை, தாண்டப்பட்டதாகக் குறிக்கப்படும். இது நியாயமான ஏற்பாடு. ஆனால் வெற்றியைக் காட்டும் பச்சை நிறத்தைப் பார்த்ததும் திருப்தி அடைபவருக்கு இது ஆபத்தானது. தாண்டப்பட்டவற்றின் காரணங்களையும் சேர்த்து அச்சிடும்படி பைடெஸ்டைக் கேட்டு, ஒவ்வொரு காரணத்தையும் படியுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது ராக்ம். படத்தின் மேல் எழுத்து வரைய பில்லோவில் இரண்டு முறைகள் உண்டு. அடிப்படை முறை, ஒருங்குறி வரிசையில் உள்ள குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே வரைந்துகொண்டு போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘கெ’ என்பது சேமிப்பில் ககரமும் அதன்பின் எகரக் குறியுமாக இருக்கிறது. திரையில் குறி ககரத்துக்கு இடப்பக்கம் வரவேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ். அதைப் பில்லோவோடு இணைப்பது ராக்ம். ராக்முக்கு ஃப்ரிபிடி என்ற நூலகமும் தேவை. ராக்ம் இல்லாமல் கட்டப்பட்ட பில்லோவிடம் ராக்ம் முறையைக் கேட்டாலும், அது பிழை எழுப்பி நிற்காமல் அடிப்படை முறைக்கே திரும்பி எழுத்தை வரைந்துவிடும். சான்றிதழ்களிலும் விளம்பரப் படங்களிலும் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும் தமிழை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே கணினியில் சோதனைகளை ஓட்டினால் சிக்கலான எழுத்தமைப்புக்கான சோதனைகள் முழுவதும் தாண்டப்பட்டு, தோல்வி எதுவும் இல்லை என்றே முடிவு வரும்.

சோதனைகளின் உள்ளடக்கத்துக்கு வருகிறேன். படச் செயல்களில் ஒரு பெரும்பகுதிக்கு விடை ஒன்றே ஒன்றுதான். அங்கே சகிப்பு என்ற பேச்சுக்கே இடம் தரக்கூடாது. படத்தை 90 பாகை வீதம் நான்கு முறை திருப்பினால் பைட்டுக்கு பைட் மூலப்படமே திரும்ப வரவேண்டும். இடவலமாக இருமுறை புரட்டினாலும் அப்படியே. பிஎன்ஜியாகச் சேமித்துத் திறந்தால் பிக்சல்கள் மாறியிருக்கக்கூடாது. பில்லோவின் சோதனைத் துணை நிரலில் இதற்கென்றே சமத்துவத்தை உறுதி செய்யும் ஒரு செயற்கூறு இருக்கிறது. அது முதலில் நிறமுறையை ஒப்பிடும், பிறகு அகல உயரங்களை, அதன்பின் பிக்சல் தரவை. ஒரு பிக்சலில் ஓர் எண் வேறுபட்டாலும் சோதனை தோற்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பிடப்படுபவை பிக்சல்கள்; சேமித்த கோப்பின் பைட்டுகள் அல்ல. இசட்லிப்புக்குப் பதில் இசட்லிப்-என்ஜி இணைந்திருந்தால் அதே படம் வேறு பைட்டுகளாகச் சுருங்கும், இரண்டும் சரியானவையே.

நிறப்படத்தைச் சாம்பல் படமாக மாற்றும் செயலை நெருங்கிப் பார்த்தால், நல்ல உள்ளீட்டைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பது விளங்கும். சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டுவது பழைய தொலைக்காட்சித் தரத்திலிருந்து வந்த வாய்ப்பாடு. பில்லோவின் சி நிரல் இதை முழு எண்களில் செய்கிறது. எடைகள் 19595, 38470, 7471 ஆகின்றன. மூன்றின் கூட்டுத்தொகை 65536. பெருக்கிக் கூட்டியதோடு 32768ஐச் சேர்த்து, 65536ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டால் விடை கிடைக்கும். அந்த 32768 எதற்கு என்றால், அருகிலுள்ள முழு எண்ணுக்கு முழுமையாக்குவதற்கு. அதை யாரேனும் தவறுதலாக நீக்கிவிட்டால் சோதனை கண்டுபிடிக்குமா? தூய சிவப்பைக் கொடுத்தால் கண்டுபிடிக்காது. 255ஐ 19595ஆல் பெருக்கி 65536ஆல் வகுத்தால் 76.24, முழுமையாக்கினாலும் வெட்டினாலும் 76தான். தூய பச்சைக்கு 149.69 வருகிறது. முழுமையாக்கினால் 150, வெட்டினால் 149. ஆகவே ஒரே ஒரு பச்சைப் பிக்சலைக் கொண்ட படம், ஆயிரக்கணக்கான பிக்சல்களைக் கொண்ட அழகான புகைப்படத்தைவிட இங்கே மேலான சாட்சி. வெள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எடைகளின் கூட்டுத்தொகை 65536ஐவிட ஒன்று குறைந்திருந்தால்கூட, முழுமையாக்காத நிரலில் 255க்குப் பதில் 254 வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு மாற்றும் செயலுக்கான பில்லோவின் சோதனைக் கோப்பை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள் என்று நான் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. அதில் துல்லியத்தைச் சோதிக்கும் பகுதியில் புகைப்படம் எதுவும் பயன்படுவதில்லை. எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட ஒரு சதுரம், நான்காகப் பிரிக்கப்பட்டு, மூலைக்கு மூலை வெளிச்சமும் இருட்டுமாக மாறிமாறி நிரப்பப்படுகிறது. வெளிச்சம் 225, இருட்டு 30. அதைப் பாதியாகச் சுருக்கினால் வரவேண்டிய எண்கள் பதினறும எழுத்துகளாகச் சோதனைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. படம் சமச்சீரானது என்பதால் இடது மேல் கால்பகுதியின் எண்களை மட்டும் எழுதிவைத்து, மீதியைப் புரட்டி உருவாக்கிக்கொள்கிறார்கள். அருகருகே உள்ள பிக்சல்களின் சராசரியை எடுக்கும் பெட்டி வடிகட்டிக்கு அந்தக் கால்பகுதியின் எண்கள் எல்லாமே 225ஆக இருக்கும். லாங்கோஸ் வடிகட்டிக்கோ எல்லையை ஒட்டிய எண்கள் சற்று ஏறியும் இறங்கியும் இருக்கும், ஏனென்றால் அதன் வளைவு மூன்று பிக்சல் தூரம் வரை எட்டுவதோடு, இடையில் எதிர்ம மதிப்பையும் எடுக்கிறது. சோதனையைப் படிப்பவர் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கக்கூடிய அளவில் எண்கள் இருப்பதுதான் இதன் பெருமை.

இந்தச் செயலுக்கு விடையைக் கணக்கிடாமலேயே எழுதக்கூடிய சோதனைகளும் உண்டு. ஒரே நிறம் நிரம்பிய படத்தை எந்த வடிகட்டியால் எந்த அளவுக்கு மாற்றினாலும் அதே நிறமே வரவேண்டும். வடிகட்டி பிக்சல்களைப் பெருக்கும் குணகங்களின் கூட்டுத்தொகை ஒன்றாக இல்லாவிட்டால் இது உடனே உடையும். 255 நிரம்பிய படத்தில் இதைச் செய்வது, மேல் எல்லையைத் தாண்டும் எண்ணைச் சரியாக வெட்டுகிறார்களா என்பதையும் சேர்த்துச் சோதிக்கும். அகலத்தை 1, 2, 3, 7, 17 என்று ஒழுங்கற்ற எண்களில் வைத்தும் பாருங்கள். நான்கு நான்காகவோ எட்டு எட்டாகவோ பிக்சல்களை எடுத்து வேகமாகச் செய்யும் நிரல்கள், மீதம் நிற்கும் வாலில்தான் பெரும்பாலும் தவறு செய்கின்றன. 512 போன்ற எட்டின் மடங்குகளை மட்டும் வைத்துச் சோதித்தால் அந்த வால் ஒருபோதும் ஓடாது.

இனி, சமத்துவத்தைக் கேட்கக்கூடாத இடங்கள். ஜேபெக் தரம், குறிவிலக்கும்போது கொசைன் உருமாற்றத்தைத் திருப்பிப் போடும் கணக்கில் சிறு வேறுபாடுகளை அனுமதிக்கிறது. லிப்ஜேபெக், லிப்ஜேபெக்-டர்போ இரண்டும் ஒரே கோப்பை ஓரிரு எண்கள் வேறுபட்ட பிக்சல்களாகத் தரலாம். இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவை. ஃப்ரீடைப்பின் பதிப்பு மாறினால் எழுத்தின் ஓரங்களில் சாம்பல் அளவு மாறும். நீங்கள் கேட்ட, உங்கள் கணினியில் மட்டும் தோற்கும் சோதனைகளில் பல இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றுக்காகப் பில்லோவில் ‘ஏறத்தாழ ஒன்று’ என்று உறுதி செய்யும் மற்றொரு செயற்கூறு இருக்கிறது. இரண்டு படங்களின் பிக்சல் வேறுபாடுகளை எல்லாச் சேனல்களிலும் கூட்டி, மொத்தப் பிக்சல்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தச் சராசரி கொடுக்கப்பட்ட எல்லையைத் தாண்டாமல் இருந்தால் சரி என்று கொள்ளும்.

சராசரி என்பதால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு; அதை எண்களில் பார்த்தால்தான் உறைக்கும். 128க்கு 128 பிக்சல் கொண்ட சாம்பல் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரலில் கடைசி நெடுவரிசை மட்டும் தவறாக, ஒவ்வொரு பிக்சலும் 60 அளவு இருண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கோடு அது. மொத்த வேறுபாடு 7680. அதை 16384ஆல் வகுத்தால் 0.47. எல்லை 1 என்று வைத்திருந்தால் சோதனை வெற்றி. இன்னொரு பக்கம், படம் முழுவதும் ஒவ்வொரு பிக்சலும் 2 அளவு மாறியிருந்தால் யாருக்கும் கண்ணில் படாது. சராசரி 2 வந்து சோதனை தோற்கும். சராசரி எல்லை, பரவலான சிறு மாற்றத்தைக் கடுமையாகவும் ஓரிடத்தில் குவிந்த பெரிய தவறை மென்மையாகவும் நடத்துகிறது. படச் செயலாக்கத்தில் உண்மையான வழுக்கள் பெரும்பாலும் ஓரங்களிலும் மூலைகளிலும் குவிபவை. ஆகவே உங்கள் சோதனையில் சராசரியோடு, தனிப் பிக்சலின் அதிகபட்ச வேறுபாட்டுக்கும் ஓர் எல்லை வையுங்கள். அல்லது ஓரப் பகுதியை வெட்டியெடுத்துத் தனியே ஒப்பிடுங்கள்.

எல்லையை எவ்வளவு வைப்பது என்பதற்கும் ஒரு முறை வேண்டும். சோதனை தோற்றது, எல்லையைச் சற்று உயர்த்தினேன், தேறிவிட்டது என்று செய்வது சோதனையை மெல்ல மெல்ல அழிப்பதாகும். இதை நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டறியுங்கள். சூழல் மாறி ஒன்றை அமைத்தால், தோற்ற படங்களைத் திரையில் திறந்து காட்டும் வசதி பில்லோவின் சோதனைத் துணை நிரலிலேயே உண்டு. இரண்டு படங்களின் வேறுபாட்டை எடுத்து, அதைப் பலமடங்கு பெருக்கி ஒரு படமாகப் பாருங்கள். வேறுபாடு எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகத் தெரிந்தால் அது ஜேபெக் குறிவிலக்கியிலிருந்து வருவது. எழுத்துகளின் விளிம்புகளில் மட்டும் தெரிந்தால் ஃப்ரீடைப். ஒரு கோடாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் உங்கள் நிரலில் உள்ள வழு. காரணம் நூலகப் பதிப்புதான் என்று உறுதியான பிறகே எல்லையைத் தொடலாம். அப்போதும் அந்தப் பதிப்புக்கு மட்டும் பொருந்தும்படி நிபந்தனை இடுவது நல்லது.

சேமித்துத் திறந்து பார்க்கும் சோதனையை மட்டும் நம்புவதும் போதாது. எழுதும் பகுதியும் படிக்கும் பகுதியும் ஒரே தவறைச் செய்தால், உதாரணமாக இரண்டுமே சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால், படம் சரியாகவே திரும்பி வரும். வேறொரு நிரல் உருவாக்கிய கோப்பைப் படித்துச் சோதிப்பதும், பில்லோ எழுதிய கோப்பை வேறொரு கருவியால் திறந்து பார்ப்பதும் இதற்கு மாற்று.

தமிழ் எழுத்தமைப்புக்கும் இதே எண்ணம் உதவும். எதிர்பார்க்கும் படத்தைக் கோப்பாகச் சேமித்துவைத்தால் ஃப்ரீடைப் மாறும்போதெல்லாம் அது தோற்கும். அதற்குப் பதில் விடையை வேறொரு வழியில் பெறலாம். ராக்ம் முறையில் ‘கெ’ என்று வரையுங்கள். அடுத்து அடிப்படை முறையில், எகரக் குறியை முன்னும் ககரத்தைப் பின்னுமாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சரத்தைக் கொடுத்து வரையுங்கள். அடிப்படை முறை கொடுத்த வரிசையை மாற்றாது என்பதால், எழுத்துருவில் அந்த இணைக்கெனச் சிறப்பு வடிவம் எதுவும் இல்லாதவரை, இரண்டு படங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ‘கொ’வுக்கு எகரக் குறி, ககரம், கால் என்ற வரிசை. இரு படங்களும் ஒரே கணினியில் ஒரே ஃப்ரீடைப்பால் வரையப்படுவதால், அதன் பதிப்பைப் பற்றிய கவலை பெருமளவு நீங்கிவிடுகிறது. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற இணைவுகளுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றுக்கு, குறிகளைத் தனித்தனியாக வரைந்தால் வரும் அகலத்தைவிட இணைந்த வடிவத்தின் அகலம் குறைகிறதா என்பதையாவது சோதிக்கலாம்.

இதுவரை சொன்னவை ஒழுங்கான கோப்புகளைப் பற்றியவை. இணையத்தில் பயனர்கள் ஏற்றும் படங்களைத் திறக்கும் நூலகத்துக்கு ஒழுங்கற்ற கோப்புகளே பெரிய சோதனை. பில்லோவில் ஒரு படத்தைத் திறக்கும்போது தலைப்புத் தகவல் மட்டுமே படிக்கப்படுகிறது. பிக்சல்கள் தேவைப்படும்போதுதான் ஏற்றப்படும். ஆகவே திறந்ததோடு நிற்கும் சோதனை எதையும் சோதிப்பதில்லை, ஏற்றவும் வேண்டும். ஒரு சிறு கோப்பை ஒவ்வொரு பைட்டாக வாலிலிருந்து வெட்டி, ஒவ்வொரு நீளத்திலும் ஏற்றிப் பார்க்கும் சுழற்சி ஒன்றை எழுதுங்கள். பைதான் பிழை வந்தால் நல்லது. பைதானே விழுந்துவிட்டால் சி அடுக்கில் கடுமையான வழு இருக்கிறது. சில கிலோபைட் கோப்பு, விரித்தால் பல ஜிகாபைட் ஆகும்படி தயாரிக்கப்படுவதும் உண்டு. அதற்காகவே பில்லோ 8,94,78,485 பிக்சல்களைத் தாண்டினால் எச்சரிக்கையும் அதன் இருமடங்கைத் தாண்டினால் பிழையும் தருகிறது. பிக்சலுக்கு மூன்று பைட் என்று வைத்தால் அந்த எச்சரிக்கை எல்லை கால் ஜிகாபைட் நினைவகம்.

மனிதர் கற்பனை செய்ய முடியாத கோப்புகளை இயந்திரமே உருவாக்கித் தரும் முறையும் இங்கே நடப்பில் இருக்கிறது. கூகுள் 2016இல் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் சேவையில் பில்லோவும் சேர்ந்திருக்கிறது. படங்களையும் எழுத்துருக்களையும் சிதைத்து ஓயாமல் ஊட்டிப் பார்க்கும் நிரல்கள் பில்லோவின் சோதனை அடைவிலேயே உள்ளன. நூலகத்தை வீழ்த்திய கோப்புகள் தூக்கி எறியப்படுவதில்லை. நூலகத்தை வீழ்த்தியவை என்ற குறிப்பைப் பெயரிலேயே தாங்கி, சோதனைப் படங்களுக்கிடையே சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் மறுபடி ஓட்டப்படுகின்றன. சி நிரலைத் தொடும் மாற்றம் என்றால் நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவிகளான வால்கிரைண்ட் வழியாகவோ அட்ரஸ் சானிட்டைசர் இணைத்துக் கட்டியோ ஒருமுறை சோதனைகளை ஓட்டுங்கள். ஒதுக்கிய இடத்துக்கு ஒரு பைட் வெளியே படிப்பது சரியான படத்தையே தரக்கூடும். பிக்சல்களை ஒப்பிடும் எந்தச் சோதனைக்கும் அது தெரியாது. 16 பிட் படங்களைத் தொடுபவர்கள் பைட் வரிசையையும் நினைவில் கொள்ளவேண்டும். உங்கள் மடிக்கணினியில் எண்ணின் குறைந்த மதிப்புள்ள பைட் முதலில் வரும். ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் அதிக மதிப்புள்ள பைட் முதலில் வரும்.

சோதனைக்கு எந்தப் படத்தைப் பயன்படுத்துவது என்பதிலும் பொறுப்பு இருக்கிறது. பல பத்தாண்டுகள் இத்துறையில் எல்லோரும் பயன்படுத்திய லேனா படம், ஓர் ஆண்கள் பத்திரிகையின் 1972 நவம்பர் இதழிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் படத்தைக் கொண்ட கட்டுரைகளை 2024 ஏப்ரல் முதல் ஏற்பதில்லை என்று மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇயின் கணினிச் சங்கம் அறிவித்தது. பில்லோ அதற்கு முன்பே, கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பரின் 128க்கு 128 பிக்சல் உருவப்படத்துக்கு மாறிவிட்டது. இது நல்ல முடிவு என்பதே என் கருத்து. நீங்கள் ஒரு வழுவைக் காட்ட உங்கள் கைபேசிப் படத்தை இணைக்கும்போது, அதில் எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கக்கூடும் என்பதையும், களஞ்சியத்தில் ஒருமுறை சேர்ந்த கோப்பு அதன் வரலாற்றில் நிலைத்துவிடும் என்பதையும் கருதுங்கள். அடையாள அட்டை, வீட்டார் முகம் இவை வேண்டாம். வழுவை வெளிப்படுத்தும் மிகச் சிறிய படத்தை நிரலாலேயே உருவாக்க முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாதபோது, அந்தப் படத்தைத் திட்டத்தின் உரிமத்தின்கீழ் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

உங்கள் மாற்றத்தை அனுப்பும் வரிசை இப்படி இருக்கட்டும். தூய மெய்நிகர்ச் சூழலில், மாற்றம் எதுவும் செய்யாத மூலநிரலைக் கட்டி, அறிக்கையையும் தோற்ற சோதனைகளின் பெயர்களையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். அடுத்து உங்கள் சோதனையை மட்டும் எழுதி ஓட்டுங்கள். அது தோற்கவேண்டும், அதுவும் நீங்கள் எதிர்பார்த்த காரணத்துக்காகத் தோற்கவேண்டும். இறக்குமதிப் பிழையால் தோற்பது கணக்கில் வராது. அதன்பிறகு நிரலைத் திருத்தி, மறுபடி கட்டி, எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, தோற்றவற்றை முதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முன்பே தோற்றுக்கொண்டிருந்தவற்றை உங்கள் மாற்றத்தோடு கலந்து சரிசெய்ய வேண்டாம். அவற்றைத் தனி வழு அறிக்கையாக, பில்லோ அச்சிட்ட நூலகப் பதிப்பு விவரத்தோடு பதியுங்கள். அந்த விவரம் இல்லாமல், என் கணினியில் தோற்கிறது என்று மட்டும் எழுதினால், பராமரிப்பாளர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.